மயில்தான் என்றான்

தட்டும் சத்தம் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

அவர்கள் இப்படித் தட்டமாட்டார்கள் என்பது சின்னதுரைக்குத் தெரியும். செத்தவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கியதிலிருந்து, ஜன்னல்களை அடைத்துவிட்டு மனைவி இளவேனிலோடு அந்தக் குவார்ட்டர்ஸுக்குள் பதுங்கிக் கிடந்ததில், அவர்களுடைய சத்தங்களெல்லாம் அவனுக்குப் பழகியிருந்தன. சாலையில் காலை இழுத்துக்கொண்டு போவது, வேலிக் கம்பியில் மாட்டிய சட்டை கிழிவது, வராந்தாவின் இரும்புக் கிரில்லில் நெஞ்சால் மோதி மோதிச் சலிக்காமல் நிற்பது, எல்லாம் ஆள் உயரத்தில் கேட்கும். இது முழங்காலுக்குக் கீழே கேட்டது. கிரில்லுக்கு உள்ளே, வாசற்கதவில். ஈரத் துணியால் ஒற்றுவதுபோல மெதுவாக.

மாலை வெயில் ஜன்னல் இடுக்கு வழியாகத் தரையில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அனல்மின் நிலையத்தின் இரைச்சல் அடங்கிப்போன பிறகு டவுன்ஷிப்பில் இலை விழுந்தாலும் காதில் விழுந்தது. வாசல் பலாமரத்தில் பறிக்க ஆளில்லாமல் பழங்கள் வெடித்து அழுகிக்கொண்டிருந்தன. அந்தத் தித்திப்பு நாற்றத்தோடு, சுரங்கத்தின் பக்கம் தானாகப் பற்றிப் புகைந்துகொண்டிருந்த நிலக்கரியின் நெடியும் வந்தது. இரண்டுக்கும் அடியில், கதவு இடுக்கிலிருந்து, புளித்த பாலின் வாடை.

இளவேனில் உள்ளறையில் படுத்திருந்தாள். ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு நேற்று மதியத்திலிருந்து மயங்கிக் கிடந்தவள், இன்றுதான் எழுந்து கொஞ்சம் கஞ்சி குடித்தாள். குடிக்கும்போது, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டிலிருக்கும் தங்கை கண்ணகியும் அவள் குழந்தையும் என்ன ஆனார்களோ என்று கேட்டாள். அவன் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டான்.

கண்ணகி நேற்றுப் பிற்பகல் வந்திருந்தாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எப்படித்தான் வந்தாளோ. கிரில்லைத் திறந்து வராந்தாவுக்குள் நுழைந்து கதவோடு ஒட்டி நின்றாள். அவளுடைய மணிக்கட்டில் பல் பதிந்திருந்ததை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தான். அவளும் அதை மறைக்கவில்லை.

"என்ன உள்ள வுட வேணாம் மாமா. பாப்பா மேல ஒரு கீறல் இல்ல. பாப்பாவ மட்டும் வாங்கிக்குங்க."

சாலை அப்போது காலியாக இருந்தது. அவன் கை தாழ்ப்பாளின் மேல் இருந்தது. ஒரு சாண் திறந்தால் போதும். குழந்தை அழும், அழுதால் கூட்டம் வரும் என்று நினைத்தான். கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது கீறல் இருந்தால் என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே நின்றான். அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் அவள் கெஞ்சவில்லை, திட்டவில்லை. சாலைமுனையில் முதல் உருவம் தெரிந்ததும் குழந்தையை இறக்கிவிட்டாள். கிரில்லை வெளியிலிருந்து சாத்திக் கொக்கி போட்டாள். அவர்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போவதற்காகக் கைதட்டிக் கூவியபடி நடந்தாள்.

எல்லோரும் அவள் பின்னால் போகவில்லை.

இரவெல்லாம் குழந்தை அழுதது. கிரில்லைச் சுற்றி நின்றவர்களின் கைகள் கம்பிகளுக்கு நடுவே நீண்டு தரையைத் துழாவும் சத்தத்தை அவன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒருமுறை இளவேனில் விழித்து, ஏதோ குழந்தை அழுகிறதே என்றாள். மயில்தான் என்றான். டவுன்ஷிப்பில் மயிலுக்கு என்ன பஞ்சம்? அவள் நம்பித் திரும்பிப் படுத்தாள். விடிவதற்குள் அழுகை சட்டென்று நின்றது. அந்த நொடியில் தனக்கு வந்த நிம்மதியைத்தான் அவனால் இப்போது தாங்க முடியவில்லை.

காலையில் கூட்டம் கலைந்துபோன பிறகும் அவன் வராந்தாவை எட்டிப் பார்க்கவில்லை.

மறுபடியும் தட்டும் சத்தம். கூடவே தொண்டையிலிருந்து ஒரு சின்ன முனகல்.

உள்ளறைக் கதவு திறந்தது. இளவேனில் அவனைத் தாண்டிப் போய் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

"ஏங்க, நம்ம பாப்பா." அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. "தல மட்டுந்தான் தெரியுது. தனியா நிக்குது. கண்ணகி இப்பத்தான் கொண்டாந்து வுட்டுட்டுப் போயிருக்கா."

"தொறக்காத."

"ஏன்?"

இப்போதல்ல, நேற்றே விட்டுப்போனாள் என்று சொன்னால் போதும். சொன்னால் மிச்சத்தையும் அவள் கேட்பாள். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு அவன் நின்றதை. இரவு முழுக்கக் கேட்டதை. மயிலை.



அவள் கையைப் பிடித்தான். உதறினாள். தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. கதவு திறந்தது. வெளிச்சம். நாற்றம்.

அவனுக்கு முதுகைக் காட்டியபடி வாசலில் மண்டியிட்டு இளவேனில், முகத்தைக்கூடப் பார்க்காமல் குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். எங்கேயும் போகமாட்டேன், பெரிம்மா இருக்கேன் என்று முணுமுணுத்தாள். உடம்பெல்லாம் சில்லென்று இருக்கிறதே என்று முந்தானையால் போர்த்தினாள்.

அவள் தோளுக்கு மேலே குழந்தையின் முகம் அவனைப் பார்த்திருந்தது. கண்களில் கருமணி இல்லை. கன்னத்தில் பாதிதான் இருந்தது.

சொல். இப்போதாவது.

குழந்தை மெதுவாகத் தலையைத் திருப்பியது. பால் தேடுவதுபோல உதடுகள் இளவேனிலின் கழுத்துக்குழியைத் துழாவின. வாய் அகலமாகத் திறந்தது.

அவள் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.