பொட்டு வைத்த பக்கம்

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டியை மழையில் நனையாமல் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, தேவதர்ஷினி அனகாபுத்தூர் சந்துக்குள் ஓடி வந்தாள். மாடி ஏறிக் கதவைத் திறந்ததும் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். பழக்கதோஷம். காட்டுவதற்கு வீட்டில் ஆள் கிடையாது.

கணவன் தீனாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கரை சேரும்போது போன் செய்வான். "சாப்ட்டியா? உடம்பு எப்படி இருக்கு? சரி, வச்சிடறேன்." அவ்வளவுதான் தாம்பத்தியம். அந்த மௌனம் தாங்காமல்தான் தேவி இணைய வானொலியில் சேர்ந்தாள். குரோம்பேட்டையில் அசரியா என்பவர் வெளிநாட்டுத் தமிழர்களுக்காக நடத்துவது. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வழியாகப் பேச வேண்டும்.

யார் யாரோ கேட்டார்கள். தீனா மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. நடுக்கடலில் நெட் ஏது?

வருகிற வெள்ளிக்கிழமை அவன் கப்பல் சிங்கப்பூரில் நிற்கும். "அன்னிக்கு நெட் சென்டர்ல உக்காந்து முழுசா கேக்கறேன் தேவி. ப்ராமிஸ்" என்றிருந்தான். அதற்காகத்தான் இந்தப் புது யூஎஸ்பி மைக். பழைய ஹெட்போன் மைக்கில் அவள் குரல் தகர டப்பாவில் பேசுவது போல இருக்கும். ஒரே ஒரு தடவையாவது தீனா தன்னை ஒழுங்காகக் கேட்க வேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

புதுப் பொருளாயிற்றே. பூஜை அலமாரி முன்னால் வைத்து, சந்தனம் குழைத்து, குங்குமப் பொட்டு வைத்தாள். மைக்கின் ஒரு பக்கம் கம்பெனிப் பெயரும் சின்ன விளக்கும் இருந்தன. அதை அழுக்காக்குவானேன் என்று வழவழப்பான மறுபக்கத்தில் வைத்தாள். பொட்டு வைத்த பக்கம்தானே முகம்? அந்தப் பக்கம் தன்னைப் பார்க்கும்படி மேஜைமேல் நிறுத்தினாள்.

வயரைச் செருகியதும் கம்ப்யூட்டர் டிங் என்றது. எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டாள். சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்தினாள். ஜன்னலை மூடியதும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் சேற்று வாடை அறைக்குள் தங்கிவிட்டது.

கடைசியாக, மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அது அசரியா சொல்லிக்கொடுத்தது. "ஊருக்கே பேசற மாதிரி பேசாதீங்கம்மா. எதிர்ல ஒருத்தர் உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுப் பேசுங்க." வந்த நாளிலிருந்து தேவி அந்தக் காலி நாற்காலியிடம்தான் பேசிவருகிறாள். சில நாள் நிகழ்ச்சி முடிந்த பிறகும் பேசியிருக்கிறாள். வெட்கமாகத்தான் இருக்கும்.

"வணக்கம். தனியா இருக்கீங்களா? நான் இருக்கேன், பேசுங்க" என்று அன்றைக்கும் தொடங்கினாள்.

ஹெட்போனில் அவள் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினாள்.

அப்போது இன்னொன்று கேட்டது. மிக அருகில்.

யாரோ மூச்சு விட்டார்கள்.

தேவி பேச்சை நிறுத்தினாள். மூச்சும் நின்றது. கண்ணாடி வளையல்கள் மேஜை விளிம்பில் உரசுவது போல ஒரு சத்தம். ஹெட்போனைக் கழற்றினாள். அறையில் மழைச் சத்தம் மட்டும்தான்.

மட்டமான வயராக இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, ஒப்புக்குப் பேசி முடித்தாள். முடித்த கையோடு அசரியா போனில் வந்தார்.

"தேவிம்மா, மைக்க திருப்பி வச்சிட்டீங்களா? பேர் போட்ட பக்கம்தான் உங்களப் பாக்கணும். அது முன்பக்கம் மட்டும்தான் கேக்கும். உங்க குரல் கிணத்துக்குள்ளேருந்து வருது. எதிர்ல இருக்கற அக்கா குரல்தான் கணீர்னு கேக்குது."

"எந்த அக்கா சார்?"

"அதான், நீங்க பேசப் பேச 'ம்... ம்...'னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களே. யாரு, சொந்தமா?"

தேவி போனை வைத்தாள். நாற்காலியைப் பார்க்காமலே எழுந்து கீழே போனாள்.

வீட்டுக்காரி அங்காளம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மாடியில் இதற்கு முன் யார் இருந்தார்கள் என்று தேவி கேட்டதும் அவள் கை நின்றது.

"என் தங்கச்சி செல்லம்மா மேல இருந்தா. புருசன வுட்டுட்டு வந்துட்டா. அப்பன் சொல்லிட்டாரு, இந்த வூட்ல யாரும் அவகிட்ட வாயத் தொறக்கக் கூடாதுன்னு. நாங்களும் பேசல. சோத்த படியில வச்சிட்டு வந்துருவோம்." அங்காளம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "ஒருநாள் வச்ச சோறு அப்படியே கீது. அதுக்கு மறுநாளும் அப்படியே கீது. அப்பக்கூட மேல போயி இன்னாடின்னு ஒரு வார்த்த கேக்கலம்மா நாங்க."

பிறகு மெதுவாகக் கேட்டாள்: "நீ தெனம் மேல பேசிக்கினே கீறியே கண்ணு... யாராண்ட பேசற?"

பயத்தோடு ஒரு பரிதாபமும் தேவிக்கு வந்தது. இரண்டு நாள் நிகழ்ச்சி வேண்டாம், வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அசரியாவிடம் சொன்னாள். இரண்டு நாளும் வாய் திறக்காமல் இருந்தாள். நாற்காலியைத் தூக்கிச் சமையலறையில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தீனாவுக்காகத்தான் மறுபடி மேஜைக்கு முன் உட்கார்ந்தாள். மைக்கைத் திருப்பினாள். இப்போது பெயர் போட்ட பக்கம் அவளைப் பார்த்தது. இனி இந்தப் பக்கம் மட்டும்தான் கேட்கும். எதிரே என்ன இருந்தாலும் கேட்காது.

நிகழ்ச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. சோதித்துப் பார்க்க ஹெட்போனை மாட்டினாள்.

"ஹலோ... ஹலோ..."

அவள் குரல் அழகாக, நிறைவாகக் கேட்டது. இதைத்தான் தீனா கேட்கப்போகிறான் என்று நினைத்ததும் கண் நிறைந்தது.

மூச்சுச் சத்தமும் கேட்டது.

முன்பைவிடத் தெளிவாக.

இந்தப் பக்கத்திலிருந்து.

தேவி அசையவில்லை. இடது தோள்மீது ஈரச் சேற்று வாடை கவிந்தது. வளையல்கள் குலுங்கின.

"இன்னா ரெண்டு நாளா பேசல?" என்றது காதோரம் ஒரு குரல். "நீயும் பேச மாட்டியா?"

மைக் வயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரின் பிளக்கையும் உருவி எறிந்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினாள். ஆட்டோ பிடித்துக் குன்றத்தூரில் தோழி ஜெயசீலியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மைக் கைப்பைக்குள் கிடந்தது. நிகழ்ச்சி நேரம் வந்தது, போனது. அசரியாவுக்குச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. ஏமாந்து உட்கார்ந்திருக்கும் தீனாவை நினைத்துத்தான் அழுதாள்.

சற்று நேரத்தில் செல்போன் அடித்தது. தீனா.

"தேவி..." அவன் குரல் தழுதழுத்தது. "முழுசா கேட்டேன்டி."

"என்னத்தைங்க?"

"உன் ப்ரோக்ராமைத்தான். ஒரு மணி நேரமும் எழுந்திருக்கவே இல்ல. குரல்தான் கொஞ்சம் கட்டியிருந்துச்சு, மழையா? பேச ஆளில்லாத வீட்ல ஒரு பொம்பள எப்படி இருப்பான்னு சொன்ன பாரு... பக்கத்து சீட்டுக்காரன்கூட அழுதுட்டான். உன்ன இவ்வளவு தனியா விட்டுட்டேனேன்னு எனக்கு மனசே ஆறல. கப்பல் போதும்டி. கிளம்பி வந்துடறேன்."

இத்தனை நாளாக அவள் கேட்க ஏங்கிய வார்த்தைகள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

"என்னங்க... நான் இன்னிக்குப் பேசவே இல்லீங்க. நான் வீட்லயே இல்ல."

தீனா சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"இரு தேவி. இன்னொரு கால் வருது." போனை விலக்கி நம்பரைப் பார்த்தான் போலிருந்தது. "நம்ம வீட்டு லேண்ட்லைன் நம்பர்லேருந்து வருது. இரு, யாருன்னு பார்க்கறேன்."

"எடுக்காதீங்க! தீனா, பேசாதீங்க!"

அவன் அதற்குள் மறு அழைப்புக்குப் போய்விட்டிருந்தான். இணைப்பு துண்டிக்கப்படவில்லை. தேவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் திரும்பி வருவான் என்று உட்கார்ந்திருந்தாள். அவன் அங்கே பேசிக்கொண்டே இருந்தான்.