முன்கூட்டியே சொன்ன நன்றி

"அண்ணி, இந்த நாற்காலியையெல்லாம் யாராவது துடைச்சீங்களா, இல்ல ஆண்டவரே வந்து துடைக்கட்டும்னு விட்டுட்டீங்களா?"

காலை காப்பிகூட இறங்காத நேரத்தில் நாத்தனாரின் குரல் முன்னறையில் கணீரென்று கேட்டது. அன்று மாலை அந்த வீட்டில் ஜெபக்கூட்டம். வீடு அண்ணனுடையது, கூட்டத்தை நடத்துவது என்னவோ தங்கைதான். இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டிலிருந்து விடிந்ததும் விடியாததுமாக வந்து, துணியும் கையுமாக நின்றாள்.

அண்ணி தரையில் உட்கார்ந்து ஒரு நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தாள். கணவர் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவர்; பிய்ந்துபோன பிரம்பைப் பின்னிக் கொடுப்பது அவள் வேலை. பின்னும்போது வாயைத் திறந்தால் பிடி தளர்ந்துவிடும் என்பாள். பேசாமல் இருப்பதற்கு அவளுக்கு அது ஒரு சௌகரியமான சாக்கு.

"போதகர்கிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு நீங்கதான் சாட்சி சொல்றீங்க."

பிரம்பு கை நழுவியது.

"என்ன சாட்சி?"

"அதேதான்! அண்ணன் குடியை விட்ட சாட்சி. என் கல்யாணத்துக்கு முன்னாடி சபையில எழுந்து நின்னு சொன்னீங்களே... இன்னிக்கு வர்ற பொண்ணுங்க ரெண்டு மூணு பேர் வீட்ல அதே கஷ்டம். கேட்டா ஆறுதலா இருக்கும்ல?"

"என்னால முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா விட்டுடேன்..."

விடுகிற ரகமா நாத்தனார்? துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நானும் பார்த்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி. இருபது வருஷமா, ஜெபம்னு நாங்க கண்ணை மூடினா நீங்க எழுந்து அடுப்படிக்குப் போயிடறீங்க. யார் கேட்டா உங்க டீயை? திருவிருந்துல அப்பம் வாங்க எல்லாரும் முன்னாடி போறாங்க, நீங்க மட்டும் கடைசி பெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி! எங்க அண்ணனை மனுஷனா திருப்பிக் குடுத்த ஆண்டவருக்கு ஒரு நன்றி சொல்ல நாக்கு வராதா உங்களுக்கு? இவ்வளவு கல்நெஞ்சா!"

அண்ணியின் கண்களில் நீர் முட்டியது. நாத்தனார் பார்த்ததாகச் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. அதுதான் வலித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நேற்று போல இருந்தது. நாத்தனாருக்குப் பேசி முடித்த சம்பந்தம் முறிந்துபோகும் நிலை. 'பொண்ணோட அண்ணன் மொடாக்குடியனாமே' என்று யாரோ போட்டுக்கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நேரிலேயே விசாரித்துவிடுவதென்று ஆராதனைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அழுது வீங்கிய முகத்தோடு ஓர் ஓரத்தில் நாத்தனார். சாட்சி சொல்லும் நேரம் வந்தது. அண்ணி எழுந்துவிட்டாள்! "ஆண்டவர் என் புருஷனைக் குடியிலேர்ந்து விடுவிச்சிட்டாரு" என்றாள். சபை முழுவதும் அல்லேலூயா என்று முழங்கியது. அன்று காலைதான் அவர் எடுத்த வாந்தியைக் கழுவிவிட்டு வந்திருந்தாள்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாலிஷில் கலக்கும் ஸ்பிரிட்டின் நெடி எப்போதும் அவர் மேல் இருக்கும். அந்த நெடி எது, குடித்த நெடி எது என்று பிரித்துச் சொல்ல இவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கல்யாணம் நடந்தது. சில வருஷங்கள் கழித்து அவர் நிஜமாகவே குடியை விட்டார். ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. ஒருநாள் நிறுத்தினார், பிறகு தொடவேயில்லை. பூரித்துப்போய் முழங்காலில் நின்றவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சொல்லவேண்டிய நன்றியைத்தான் முன்கூட்டியே, பொய்யாக, சபை நடுவில் சொல்லித் தீர்த்தாயிற்றே! இனி எந்த முகத்தோடு சொல்வது? ஆண்டவர் பெயரைக் கொண்டு பொய்க்கு முட்டுக்கொடுத்தவள் என்று தன்னைத் தானே தள்ளி வைத்துக்கொண்டாள். தலை நரைக்கத் தொடங்கியும் அந்தத் தண்டனை தீரவில்லை.

"வாயைத் திறந்து பேசுங்க அண்ணி!"

"அவளை விடு பாப்பா."

பின்வாசலில் பாலிஷ்காரர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

"அன்னிக்கு நான் குடியை விடல. அவ சபையில நின்னு பேசினப்ப நான் பட்டறையில விழுந்து கிடந்தேன்."

"என்னண்ணா சொல்றே... அன்னிக்கு சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட நல்லாத்தானே பேசினே? உன் மேல வெறும் பாலிஷ் வாசனைதானே..."

"உனக்கு வித்தியாசம் தெரியாது. அவளுக்குத் தெரியும்." அவர் உள்ளே வந்து மனைவி பக்கத்தில் நின்றார். "பொய் சொன்னது அவ. சொல்ல வச்சது நான். அவ ஏன் எழுந்து எழுந்து அடுப்படிக்குப் போறான்னு தெரிஞ்சும், இத்தனை வருஷமா வாயை மூடிட்டு இருந்தேன். வெட்கம் பாப்பா..."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

நாத்தனார் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்காரப்போய், அதில் பாதிப் பிரம்புதான் இருக்கிறது என்று பார்த்துச் சுதாரித்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ என் கல்யாணம்... என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?"

"சொன்னா, பொய்யில அமைஞ்ச வாழ்க்கைன்னு நீயும் அழுதிருப்பே. ஒருத்தி அழுதா போதாதா கண்ணு?"

"ஐயோ... உங்களைப் போய்க் கல்நெஞ்சுன்னு சொன்னேனே!"

நாத்தனார் நகர்ந்து வந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். அண்ணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாதே. உனக்காகத்தான் சொன்னேன்னு சொல்லி நான் தப்பிக்க முடியாது. ஆண்டவர் பேரை இழுத்தது நான்தானே..."

"அப்போ அவர்கிட்டயே சொல்லிடுங்க அண்ணி. இன்னிக்கே. எல்லார் முன்னாடியும்."

"உன் வீட்டுக்காரர் இருப்பாரே?"

"இருக்கட்டுமே! இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்தினவருக்கு இதெல்லாம் ஒரு அதிர்ச்சியா?"

அழுகைக்கு நடுவே மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் முன்னறை நிறைந்தது. பாட்டு முடிந்து போதகர் "ஜெபிப்போம்" என்றதும், அண்ணி பழக்க தோஷத்தில் எழுந்தாள். ஒரு கை அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தது.

"உட்காருங்க அண்ணி. அடுப்பை நான் பார்த்துக்கறேன்."

எந்த ஜெபத்திலும் முதல் குரல் கொடுக்கிற நாத்தனார், யாரையும் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.

அண்ணி கண்களை மூடினாள். பக்கத்தில் இருந்த பாலிஷ்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவரே... உம்ம பேரைச் சொல்லி அன்னிக்கு சபையில நான் சொன்ன சாட்சி பொய். என் புருஷன் அப்போ குடியை விடல. என்னை மன்னியும்..."

அறையில் யாரோ இருமினார்கள். அவள் நிறுத்தவில்லை.

"அப்புறம் நிஜமாவே விடுவிச்சீர். அப்போ சொல்லியிருக்க வேண்டியதை இப்போதான் சொல்றேன்... நன்றி ஆண்டவரே."

போதகர்கூடத் தயங்கினார். அப்போது அடுப்படியில் பால் பொங்கி வழிந்து அடுப்பில் சீறும் சத்தத்துக்கு நடுவே, அழுது உடைந்த குரலில் ஓர் ஆமென் கேட்டது.