குளிக்கப் போனவள்

அந்த நான்கு நிமிடங்களில் படம் அசைந்திருக்கக் கூடாது.

கிருஷாந்தன் பதிவை மறுபடியும் ஓடவிட்டான். பகல் மூன்றரைக்குத் தண்ணீர் மோட்டரை நிறுத்துவதற்காகக் கதிரையை விட்டு எழுந்து போயிருந்தான். கணினியின் கமரா அவனுடைய முகத்தைப் பார்க்கும். புருவம், கண், மூக்கு, வாயோரம் என்று பச்சைப் புள்ளிகளை இட்டுக்கொள்ளும். அவன் சிரித்தால் திரையில் இருக்கும் கார்ட்டூன் பெண் வேணு சிரிப்பாள். அவன் கண்ணை மூடினால் அவளும் மூடுவாள். எல்லாவற்றிலும் அவனுக்கு இரண்டு பிரேம் பின்னால்தான் வருவாள். பார்ப்பவர்களுக்கு அது தெரியாது, வரைந்தவனுக்குத் தெரியும். கமராவுக்கு முன்னால் முகம் இல்லாவிட்டால் புள்ளிகளும் இல்லை. வேணு கண் திறந்தபடி உறைந்துவிடுவாள். இரண்டு வருடமாக அப்படித்தான் உறைந்தாள்.

இந்தப் பதிவில், அவன் எழுந்து போன பிறகு, அவள் கண்ணிமைத்தாள்.

ஒரு தடவையல்ல. ஆறேழு வினாடிக்கு ஒன்றாக, சாவகாசமாக, யாரோ பொறுமையோடு உட்கார்ந்திருப்பதைப்போல. மூன்றாம் நிமிடம் கழிந்ததும் அவளுடைய கண்கள் இடப்பக்கம் திரும்பிக் கதவிருந்த திசையில் நின்றன. அதற்குப் பிறகுதான் அவனுடைய செருப்புச் சத்தம் பதிவில் கேட்கத் தொடங்கியது.

சட்டை தொங்கினால்கூட இந்தக் கமரா அதை முகமென்று பிடித்துவிடும். முன்பொரு தடவை சுவரிலிருந்த கலண்டர் படத்தைப் பிடித்திருக்கிறது. அவன் திரும்பிப் பார்த்தான். கதிரைக்குப் பின்னால் பூசாத கல்லுச் சுவர். கலண்டரை அவன் கழற்றி வருடமாகிறது. வெளியே சோளகக் காற்று வயல்களைத் தாண்டி வந்து கூரையைத் தட்டிவிட்டுப் போனது.

நறுவிலிக்குளத்தில் வயல்கரையோடு இருக்கும் கடைசி வீடு அது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி, பின்பக்கம் கிணறு. அம்மா சிவபாக்கியமும் அவனும் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தது 2011இல். அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவின் காணி பற்றை மூடிக் கிடந்தது. வீட்டுத்திட்டத்துக்குப் பதிகிறபோது, இரண்டு பேர் மட்டும் உள்ள குடும்பம் பட்டியலின் அடிக்குப் போய்விடும் என்று வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அம்மா அதிகம் யோசிக்கவில்லை.

"மகள் ஒண்டும் இருக்கு. வேணுஜா. ஒன்பது வயசு," என்றாள்.

பிறப்புச் சான்றிதழ் கடலில் போய்விட்டது என்றாள். அந்த வருடம் யாரும் அந்தப் பதிலை மறுத்துக் கேட்கவில்லை. எல்லாருடைய கடதாசிகளும் எங்கேயோ போயிருந்தன.

மூன்று பாய் கொடுத்தார்கள். மூன்று சாப்பாட்டுக் கோப்பை. மூன்று நுளம்புவலை. அதிகாரிகள் சரிபார்க்க வந்தபோதெல்லாம் அம்மா கிணற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். "பிள்ளை குளிக்கப் போயிட்டாள், ஐயா." பெண்பிள்ளை குளிக்கும் இடத்துக்கு எந்த அதிகாரி எட்டிப் பார்க்கப் போகிறான்? நம்பிக்கைக்காக அந்தப் பக்கம் குரலும் கொடுப்பாள். "வேணூ, ஆக்கள் வந்திருக்கினம். அங்கயே நில்லு!" கிருஷாந்தன் வீட்டின் பின்னால் சுற்றிப் போய்க் கயிற்றை இழுப்பான். கப்பி கிறீச்சிடும். வாளித் தண்ணீரைக் கல்லில் ஊற்றுவான். அவன் செய்த முதல் பின்னணி ஒலி அதுதான்.

வீடு கிடைத்தது. அதன்பிறகு கூப்பிடத் தேவையிருக்கவில்லை. அம்மா நிறுத்தவில்லை. விளக்கு வைக்கிற நேரம் பின்கதவில் நின்று, பகிடியாகவா பழக்கமாகவா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை, கிணற்றைப் பார்த்துச் சொல்லுவாள்: "காணும் பிள்ளை குளிச்சது. வா உள்ளுக்கு."

2016இல், ஆசுபத்திரிக் கட்டிலில், அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "குடும்ப அட்டையில அவளின்ர பேரை வெட்டிவிடு தம்பி. நான் கனக்கக் கூப்பிட்டிட்டன்."

அவன் வெட்டவில்லை. செத்த வீட்டுக்கு வந்த சனம் எட்டாம் நாளோடு போய்விட்டது. ஊரில் அவனோடு பேச ஆள் இல்லை. முகாமில் பதினாறு வருடம் வளர்ந்த நாக்கு. "ஓம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஆமா" வந்து விழும். கடையில் பெடியள் சிரிப்பார்கள். "இந்தியன் வாறான், ரூவாயை மாத்திக் குடுங்கோ." அவன் சாமான்களை வாங்கிக்கொண்டு பேசாமல் வருவான். முகாமில் அப்பியாசக் கொப்பியின் ஓரங்களில் படம் படமாக வரைந்து, விரலால் தட்டி ஓடவிட்ட பையன் அவன். திரும்பி வந்தபின் மன்னார் பட்டினத்தில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டிக் கணினியைக் கற்றுக்கொண்டான். அந்த வீட்டில் ஒரு குரல் வேண்டுமென்று தோன்றிய நாளில் வேணுவை வரைந்தான்: இரட்டைப் பின்னல், நீளக் கண், தோளில் துவாய்.

வேணு கணினி விளையாட்டு விளையாடுவாள். தோற்றால் சண்டை பிடிப்பாள். எதற்கெடுத்தாலும் "எங்கட அண்ணா ஒரு மொக்கன்" என்பாள். அவனுடைய குரலைத்தான் கணினி மெல்லியதாக்கித் தரும். அவளுக்கு மட்டும் நாக்குப் பிசகாது. தனியாக இருந்து பழகி, ஊர்க் கதையை அவளுக்குக் கொடுத்திருந்தான். இரண்டு வருடத்தில் இணையத்தில் அறுபதாயிரம் பேர் அவளைப் பின்தொடர்ந்தார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் அவளைப்போல் பேசிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது.

மறுநாள் மத்தியானம் அவன் பரீட்சித்துப் பார்த்தான். கமராவை இயக்கிவிட்டு, அறைக்கு வெளியே வந்து, கதவு நிலையில் நின்று திரையைப் பார்த்தான். ஓரத்துச் சிறிய சட்டத்தில் கதிரை வெறுமையாகத் தெரிந்தது. கீழே "முகங்கள்: 0". வேணு உறைந்திருந்தாள். வெயில் சீமெந்துத் தரையில் நீளமாகக் கிடந்தது. மயில் ஒன்று எங்கோ அகவியது. அவன் தன்னைப் பார்த்தே சிரித்துக்கொண்டான்.

அப்போது கப்பி கிறீச்சிட்டது.

இழுத்து, நிறுத்தி, இழுத்து. பிறகு கல்லில் தண்ணீர் விழும் சத்தம், ஒரு உடம்பின்மேல் விழுந்து சிதறுகிறபோது வருகிற தடித்த சத்தம். மோட்டர் பூட்டிய நாளிலிருந்து கப்பியில் கயிறு இல்லை. கயிற்றை அவன்தான் கழற்றினான். பின்கதவைத் திறக்கக் கை வரவில்லை. சத்தம் நின்றது. குசினிப் பக்கமிருந்து சந்தனச் சவர்க்கார வாசனை, ஈரத் தலைமயிர் வாசனையோடு சேர்ந்து மெதுவாக வந்து அவனைக் கடந்து போனது. திரையைப் பார்த்தான். வெறும் கதிரைக்கு மேலே, அவனுடைய முகம் இருக்கும் உயரத்துக்கு ஒரு சாண் கீழே, பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறின. புருவம். கண். வாய்.

"முகங்கள்: 1".

வேணு கண்ணிமைத்தாள்.

வெள்ளிக்கிழமை, ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் விதானையார் அமிர்தநாயகத்திடம் போனான். ஒற்றை அறைக் கந்தோர். வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். விதானையார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"வாரும், இந்தியாக்காரர்! என்ன, திரும்பிக் கப்பலேறப் போறீரோ?"

"இல்லைங்க ஐயா. குடும்ப அட்டையில ஒரு பேரை வெட்டணும்."

"அதெல்லாம் வெட்டியாச்சு," என்று அலுமாரியிலிருந்து மண்ணிற உறையொன்றை எடுத்தார். "தங்கச்சி காலமை போன் எடுத்தவா. வீட்டில இப்ப ஒராள்தான், மற்றப் பேரை எடுத்துவிடுங்கோ, புது அட்டையை அண்ணாட்டக் குடுத்துவிடுங்கோ எண்டவா."

"யார் எடுத்தது?"

"உம்மட தங்கச்சிதான். அதென்ன முழிக்கிறீர்? என்ர பேத்தி சனிக்கிழமையெண்டா சோறு தின்னாமல் அவவைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறாள். அதே குரல். பின்னால கப்பிச் சத்தம் வேற, கிணத்தடியில நிண்டு கதைச்சவா போல." அவர் சிரித்தார். "பிள்ளையின்ர கதை நல்ல எங்கட ஊர்க் கதை. நீர்தான் இன்னும் மண்டபத்தில நிக்கிறீர்."

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்படி ஒரு தங்கச்சி இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் ஏழு வருடப் பொய் இத்தனை பேருக்கு முன்னால் உடையும். வீடு போகும். அம்மா அந்தப் பொய்யைச் சொன்னதே அந்த வீட்டுக்காகத்தான். அவனுக்கென்று இருப்பதும் அது ஒன்றுதான். உறையை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். எப்படியோ ஒரு பெயர் போய்விட்டது. அது போதும். வீட்டுக்கு வந்த பிறகும் உறையைத் திறக்க அவனுக்கு மனம் வரவில்லை.

மிச்சத்தை அவனே செய்ய வேண்டும். சனிக்கிழமை ஏழு மணிக்கு நேரலை. லண்டனில் அப்போது பகல், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். வேணுவை அணைத்துவிட்டுத் தன்னுடைய முகத்தைக் காட்டுவான். தன்னுடைய குரலில், ஆமாவும் ஓமும் கலந்த அந்தக் குரலில், சொல்லுவான்: நான் கிருஷாந்தன், வேணு நான்தான், இனி அவள் வரமாட்டாள். அறுபதாயிரம் பேர் போய்விடலாம். போகட்டும். தனியாக இருந்துகொள்ளலாம். தனியாக இருப்பது என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். இப்போது வீட்டில் இருப்பது அதுவல்ல.

ஆறரைக்கு எல்லா லைட்டையும் போட்டான். பின்கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். குசினியைக் கடக்கும்போது காலில் குளிர்ந்தது. தாழிட்ட கதவின் உள்பக்கத்திலிருந்து ஈரக் கால்தடங்கள் தொடங்கின. சிறிய தடங்கள். விரல்கள் அவனுடைய அறையைப் பார்த்திருந்தன. அவன் அவற்றின்மேல் மிதிக்காமல், சுவரோடு ஒட்டி நடந்தான். கதிரையில் உட்கார்ந்தான். சவர்க்கார வாசனை வலப்பக்கம் கனமாக நின்றது.

ஏழு மணி. நானூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள்.

சிறிய சட்டத்தில் அவனுடைய முகம் தெரிந்தது. வெறும் முகம். அதில் புள்ளிகள் இல்லை. புள்ளிகள் அவனுடைய வலத்தோளுக்குப் பக்கத்தில், சற்றுக் கீழே, காற்றில் நின்றன. "முகங்கள்: 1". அவன் வேணுவை அணைக்கும் பொத்தானை அழுத்தினான். வேணு இருந்தாள். மறுபடி அழுத்தினான். அவள் பின்னலைப் பின்னால் தள்ளுகிறவள்போலத் தலையைச் சாய்த்தாள். அந்த அசைவை அவன் வரைந்ததில்லை.

"நான் கிருஷாந்தன்," என்றான்.

திரையின் அடியில், குரலுக்குத் துள்ள வேண்டிய ஒலிக்கோடு அசையவில்லை.

இன்னும் பலமாகச் சொன்னான். தொண்டை அதிர்ந்தது. கோடு கிடையாகக் கிடந்தது. அவன் வாயை மூடினான். கோடு துள்ளியது.

"வணக்கம் பிள்ளையள். இண்டைக்கு நான் நல்லா வடிவாக் குளிச்சிட்டு வந்திருக்கிறன்."

கீழே எழுத்துகள் ஓடின. அக்கா குரல் இண்டைக்குச் சூப்பர். அக்கா தலை ஈரமா இருக்கு. புதுப் படமா அக்கா?

சொட்டு. தரையில். கதிரையின் காலடியில்.

சொட்டு.

எழுந்துவிட வேண்டும். கால் எழவில்லை. கை மட்டும் சட்டைப் பைக்குப் போனது. உறை கிழிந்தது. புதிய அட்டை. விதானையாரின் சுத்தமான கையெழுத்து. சிவபாக்கியம்: வெட்டு, காலமானவர். அடுத்த வரி, கிருஷாந்தன். அதன் குறுக்கே நேராக, அடிமட்டம் வைத்து இழுத்த கோடு. அதன் கீழே வேணுஜா, வயது பதினாறு. வீட்டிலுள்ளோர் தொகை, ஒன்று.

லண்டனிலிருந்து ஜெனிஸ்ரா என்ற சிறுமி எழுதியிருந்தாள்: அக்கா, உங்கட அண்ணாவ ஒருக்காக் காட்டுங்கோ. அவர் எங்க?

திரையில் வேணுவின் கண்கள் இடப்பக்கம், கதவைத் தாண்டிக் கிணறு இருந்த திசைக்குப் போயின. வெளியே, கயிறில்லாத கப்பி ஒரு தரம் கிறீச்சிட்டு நின்றது. அவள் திரும்பிச் சிரித்தாள்.

"அண்ணா குளிக்கப் போயிட்டார்."

ஓரத்துச் சிறிய சட்டத்தில் அவன் தன்னுடைய முகத்தைப் பார்த்தான். புள்ளிகள் இல்லாத அந்த முகத்தில் உதடுகள் திறந்தன, குவிந்தன, மூடின. சத்தமில்லாமல், அதே சொற்களுக்கு. இரண்டு பிரேம் பின்னால்.