ஆளுக்குத் தொண்ணூறு லிட்டர்

ஊர் முடிந்து தார்ச்சாலை மண்சாலையாகும் இடத்தில் அந்தப் பெயர்ப்பலகை நின்றது. பலகையில் ஒரு பச்சை இலை, இலைக்குள் ஒரு வீடு, வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு ஒரு குடும்பம். பலகைக்குப் பின்னால் இலையும் கிடையாது, குடும்பமும் கிடையாது. சமன்படுத்திய மண், சுண்ணாம்புக் கோடுகள், மழைநீர்க் குளம், பார்வைக்கென்று கட்டிய ஒற்றை மாதிரி வீடு, அவ்வளவுதான். காலை பத்து மணிக்கு அந்த வீட்டின் முன்னால் காரை நிறுத்தி இறங்கினாள், அந்தக் குடியிருப்பு முழுவதையும் வரைந்த திட்டப் பொறியாளர்.

ஊருக்கெல்லாம் வீடு வரைபவளுக்குச் சொந்த வீடு இல்லை. பதினோரு வருடத்தில் ஏழு வாடகை வீடுகள். ஆணி அடிக்கக் கூடாது, சத்தம் கூடாது, விருந்தாளி கூடாது. மகள் ஒரு படம் வரைந்தால்கூட, "இந்த வீட்டுச் சுவத்துல ஒட்டலாமாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் பசையை எடுப்பாள். இந்தத் திட்டத்துக்குப் பசுமைச் சான்று கிடைத்தால் மாதிரி வீடு அவளுக்கு என்று நிறுவனத்தின் இயக்குநர் எழுதியே கொடுத்திருந்தார். சான்று தரும் அதிகாரி மதியம் மூன்று மணிக்கு வருகிறார்.

வாசலில் குழாய்க்காரர் காத்திருந்தார். வேலையாட்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஒழுக்கு'. கெட்டிக்காரர்தான். கெட்டிக்காரர்களுக்குத்தான் இப்படிப் பெயர் வைப்பார்கள்.

"மேடம், தண்ணி மீட்டர் ஓடுதுங்க. பதினஞ்சு நாளா."

"ஒழுக்கா?"

"கூப்பிடுறீங்களா, கேக்குறீங்களா?" என்றவர் சிரிக்கவில்லை. "எல்லா இணைப்பையும் கழட்டிப் பாத்துட்டேன். சொட்டு ஒழுகல. பூட்டின வீட்ல மீட்டர் மட்டும் ஓடுது."

தினமும் மீட்டரைப் பார்த்து ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தார். முதல் நாள் முந்நூற்று அறுபது லிட்டர். மறுநாளும் முந்நூற்று அறுபது. பதினைந்து நாளும் அதேதான்.

பயம் வருவதற்கு முன்னால் அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது. தொழில் புத்தி அப்படி. ஆளுக்கு நாளொன்றுக்குத் தொண்ணூறு லிட்டர் போதும் என்பதுதான் இந்தத் திட்டத்தின் பெருமை. எந்தக் கூட்டத்திலும் அவள் மார்தட்டிச் சொன்ன எண் அது. முந்நூற்று அறுபது என்றால் நாலு பேர். ஒரு சொட்டு கூடவில்லை, குறையவில்லை. அவள் போட்ட கட்டளைக்கு இவ்வளவு அடங்கி நடந்த குடும்பத்தை அவள் எங்கும் கண்டதில்லை.

"இன்னொண்ணு காட்டணும்," என்று வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார்.

குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வடிகட்டிச் செடிகளுக்கு அனுப்பும் தொட்டி அங்கே இருந்தது. ஒரு நாள்கூட யாரும் குளிக்காத வீட்டின் தொட்டி. அவர் மூடியைத் தூக்கியதும் சோப்பு வாசனை வந்தது, பழைய மலிவுச் சோப்பு. வடிகட்டும் வலையை வெளியே எடுத்துத் தரையில் கவிழ்த்தார்.

முடி.

நீளமான கறுப்பு முடி. குட்டையாய் நரைத்த முடி. பூ மாதிரி மெல்லிய குழந்தை முடி ஒரு சுருள், அதில் சிக்கிய சிவப்பு ரப்பர் வளையம்.

"ஆள் புழங்குற வீடுங்க இது," என்று குழாய்க்காரர் முணுமுணுத்தார். "அந்தக் குடிசையிலயும் நாலு பேர்தான் மேடம்."

"எந்தக் குடிசை?" என்று கேட்டாள். கேட்கும்போதே தெரியும்.

ஒரு நிலத்தில் யாராவது குடியிருக்கிறார்களா என்று பார்க்க விடியுமுன் ஒருமுறை, விளக்கு வைத்தபின் ஒருமுறை போக வேண்டும். பகலில் போனால் கூலி வேலைக்காரர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பது இந்தத் தொழிலில் பால பாடம். திட்டம் தொடங்குமுன் அவள் பார்க்கப் போனது ஒரு பகல் பதினொரு மணிக்கு. நிலத்தின் தாழ்ந்த மூலையில் தார்ப்பாய் போட்ட ஒரு குடிசையைப் பார்த்தாள். கதவுக்குப் பதில் சாக்குத் தொங்கியது. காரின் கண்ணாடியைப் பாதி இறக்கி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். வெயில் அதிகம். பதில் இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிவத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதினாள்.

அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு குடிசைக்கு மேட்டில் மழைநீர்க் குளம் வெட்டினார்கள். ஆள் இல்லாத இடத்துக்கு எச்சரிக்கை எதற்கு? அடைமழையில், விடியற்காலையில் குளத்தின் கரை உடைந்து சேறு குடிசையின் மேல் இறங்கியது. காகிதத்தில் ஆள் இல்லாத இடத்தில் யார் போய் யாரைத் தேடுவது? இயந்திரங்கள் வந்து சேற்றை மூடின. அதன்மேல் மாதிரி வீடு எழுந்தது.

"அவங்க காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க," என்றாள். எல்லோரிடமும் சொல்லிப் பழகிய வாக்கியம்.

"தட்டுமுட்டுச் சாமான்கூட எடுக்காமலா?" என்றார் அவர். "நான்தான மேடம் அங்க குழாய் பதிச்சேன். தோண்டத் தோண்டக் கரண்டியும் தட்டும் வந்துச்சு. வாயைத் திறக்காம மூடிட்டேன். எனக்கும் பொழப்பு ஓடணுமே."

அவரை மீட்டர் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் வீட்டுக்குள் போனாள். புதுப் பெயிண்டின் வாசனை இல்லை. ஈரத்துணியும் விறகுப் புகையும் கலந்த வாசனை அடித்தது. வெளியே நல்ல வெயில். கூடத்தில் மட்டும் மழைநாள் வெளிச்சம். சமையலறைக் குழாய் மூடியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், காய்ந்துபோயிருந்தது.

"ஓடுது மேடம்!" என்று வெளியிலிருந்து குழாய்க்காரர் கத்தினார். "இப்ப ஓடுது!"

உள்ளே எங்கோ வாளியில் தண்ணீர் விழுந்தது.

குளியலறைக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

சொம்பு வாளியில் இடித்தது. தலையில் ஊற்றும் சத்தம். மறுபடி இடித்தது. மறுபடி ஊற்றும் சத்தம். சின்னக் குழந்தை ஒன்று குளிருக்குச் சிணுங்கியது. அதை யாரோ 'உஸ்' என்று அடக்கினார்கள்.

அவள் கை தானாக எழுந்து கதவைத் தட்டியது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

கதவுக்கு மிக அருகில், மரத்தில் உதடு படும் தூரத்திலிருந்து, ஒரு பெண் குரல் மெதுவாகச் சொன்னது.

"ஆள் இருக்கு."

எந்த வீட்டில் தட்டினாலும் கேட்கும் சாதாரணப் பதில். அதில் கோபம்கூட இல்லை. வேறு எதற்கும் அவள் அப்படி ஓடியிருக்க மாட்டாள்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். மீட்டர் ஏன் ஓடியிருக்கிறது? குழாய்ச் சோதனை சார். சரி. கடைசியாக மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இங்க முன்னாடி யாராச்சும் குடியிருந்தாங்களா?" என்று கேட்டார்.

குழாய்க்காரர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் மண்ணைத் தோண்டுவார்கள். நாலு பேர் வெளியே வருவார்கள். மகள் எட்டாவது வாடகை வீட்டில் பசையோடு நிற்பாள்.

"யாரும் இல்ல சார்," என்றாள். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

சான்று வந்தது. வீடும் வந்தது. குழாய்க்காரர் மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார்.

குடிபுகுந்த முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மகள் யாரையும் கேட்காமல் கூடத்துச் சுவரில் எட்டுப் படங்கள் ஒட்டினாள். "இனிமே நம்மள யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாதுல்ல," என்று கணவன் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். துணி துவைத்தார்கள், செடிக்கு ஊற்றினார்கள், தண்ணீரைக் கஞ்சத்தனம் இல்லாமல் செலவழித்தார்கள். மீட்டரில் மட்டும் தினமும் முந்நூற்று அறுபதுதான் ஏறியது. மூன்று பேர் வந்து சேர்ந்தது அதற்குத் தெரியவே இல்லை. அவள் அதைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மக்கள்தொகைக் கணக்கெடுக்கும் ஊழியர் பதிவேட்டோடு வந்தார். கதவு திறந்தே இருந்தது. வாசற்படியில் அவளும் கணவனும் மகளும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வீட்ல யாருங்க?" என்றார்.

"வாங்க சார். நாங்க மூணு பேர்," என்றாள் அவள்.

அவர் பார்வை அவள் தோளைத் தாண்டி உள்ளே போயிற்று. "யாராச்சும் இருக்கீங்களா?" என்று குரலை உயர்த்தினார்.

"என்னங்க, கண்ணு முன்னாடி நிக்கிறோம்!" என்றான் கணவன். மகள் அவர் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். "அங்கிள், நாங்க இங்கதான் இருக்கோம்!"

நல்ல ஊழியர் அவர். ஒருமுறை கூப்பிட்டதோடு விட்டுவிடவில்லை. கையை வாயருகே குவித்து மூன்றாவது முறையும் கூப்பிட்டார்.

குளியலறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

"இருக்கோம்," என்றது உள்ளிருந்து அந்தக் குரல். "நாலு பேர்."

"அப்பாடா, ஆள் இல்லைன்னு எழுதப் பார்த்தேம்மா," என்று சிரித்தபடி அவர் எழுதிக்கொண்டு, மகள் நீட்டிய கையைத் தாண்டி ஊரை நோக்கி நடந்தார்.