கரைகாத்தார் வகையறா

முனி பூசை நாள் விடிந்தும் கங்காணி வீட்டுப் பின்பக்கம் கிடாய் வாடை வரவில்லை. சன்னாசி முதலில் கவனித்தது அதைத்தான். வருசா வருசம் முனிக்கு நேர்ந்துவிட்ட கருங்கிடாய் அங்கே கொய்யா மரத்தடியில் கட்டிக்கிடக்கும். மூத்திர நெடி மூக்கைத் துளைக்கும், தழை மெல்லும் சத்தம் கூலியாட்கள் லயத்தின் கடைசிக் காம்பிரா அறை வரைக்கும் கேட்கும். இந்த வருசம் மரத்தடியில் கயிறு மட்டும் கிடந்தது. புதுக் கயிறு. எடுத்து முகர்ந்து பார்த்தான், தேங்காய் நார் வாசம்தான் அடித்தது.

கங்காணி பெண்சாதி பெரியாயியிடம் கேட்டான். அதெல்லாம் வரும், நீ சாப்பிடு என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். நெல்லுச்சோறு, கருவாட்டுக் குழம்பு, மேலே நெய் வேறு. கொஞ்ச நாளாகவே இந்த ராஜ உபசாரம்தான். காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டாம், மழையில் நனைய வேண்டாம், உடம்பில் ஒரு கீறல் படக்கூடாது. சாப்பிடுகிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவன் நிமிர்ந்தால் மட்டும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாவம், அவனுக்கு இதெல்லாம் புதுசு. அப்பனும் ஆத்தாளும் அக்கரையிலிருந்து கடல் தாண்டி நடந்து வந்த வழியில் பேதி கண்டு போய்விட, யாரோ தூக்கிவந்து நமுனுகுல மலையடித் தோட்டத்தில் விட்ட பிள்ளை. பேர் உண்டு, வகையறா கிடையாது. வகையறா இல்லாதவனுக்குக் கோயிலில் திருநீறு கடைசியில்தான். பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் 'நீ எந்த வகையறா' என்று கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தான். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் ஏங்கியது கொஞ்சமா!

பொன்னையா கங்காணிக்கோ பதுளையிலிருந்து பண்டாரவளை வரை வேறு ஆளுக்கு இல்லாத பேர். கரைகாத்தார் வகையறா. ஊரில் கண்மாய்க் கரை உடைந்து நாலு கிராமம் முழுகவிருந்தபோது அவருடைய முப்பாட்டன் நின்று கரையைக் காத்தாராம். பூசைக்குப் பூசை மீசையைத் தடவிக்கொண்டே இந்தக் கதையைச் சொல்லுவார்.

இந்த வருச அடைமழையில் லயத்துக்கு மேலே மலை வெடித்தது. ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. ராத்திரியில் அதற்குள்ளிருந்து மண் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டு ஜனம் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த வாரமே கங்காணி சன்னாசியை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், தன் இலையிலேயே அவனுக்குச் சோறு ஊட்டி, இன்றிலிருந்து இவன் என் மூத்த மகன், கரைகாத்தார் வகையறா என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சன்னாசி அழுதுவிட்டான். பெரியாயியை 'ஆத்தா' என்று கூப்பிட்டபோது வாய் கோணிப்போயிற்று, அதுவரை யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கங்காணி பெற்ற மூத்த பிள்ளை அன்றைக்கே பதுளைக்குக் கடை வேலைக்குக் கிளம்பிப் போனதை அவன் பார்த்தான். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பகல் சாய்கிற நேரத்தில் மர்ஸூக் நானா வந்தார். பதுளையிலிருந்து துணி மூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக விற்கிறவர். கங்காணி சொல்லிவைத்த மஞ்சள் வேட்டியை எடுத்து, யாருக்கு என்று கேட்டார்.

“எனக்குத்தான் நானா. நான் இப்ப கரைகாத்தார் வகையறா” என்றான் சன்னாசி, நெஞ்சு நிமிர்த்தி.

நானா முகத்தில் ஈயாடவில்லை. வேட்டியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். இந்தக் கங்காணி முன்னே கொஸ்லந்தையில் இருந்தபோதும் நானா இப்படி ஒரு மஞ்சள் வேட்டி விற்றாராம். அதற்கும் முன்னே அப்புத்தளைப் பக்கம் ஒன்று. கட்டினவர்கள் இரண்டு பேரும் இதே பேரைத்தான் இதே மாதிரி நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார்களாம். ஒருத்தன் பேச்சு திருச்சிப் பக்கம், மற்றவன் மதுரைப் பக்கம். இரண்டு பேருக்கும் முன்பின் உறவு கிடையாது. அடுத்த தடவை போனபோது அந்தப் பேரில் அங்கே ஒருவரும் இல்லை.

“கங்காணிட சொந்தப் புள்ளைகள் அந்தப் பேரச் சொல்லி நீ கேட்டிருக்கியா? தாய் வீட்டுப் பேரத்தானே சொல்றானுகள். தகப்பன் தன்ட பேரைப் பெத்த புள்ளைக்குக் குடுக்காம ஒளிக்கிறானெண்டா, ஏன்னு யோசி. இப்பவே என்னோட வந்துரு.”

சன்னாசி சிரித்து மழுப்பினான். ஆத்தாளை விட்டுட்டு எங்கே வர என்றான். நானா வேட்டியை அவன் கையில் திணித்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மூடுபனிக்குள் இறங்கிப் போனார். காலடிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் அவன் வேட்டியோடு கங்காணியைத் தேடிப் போனான்.

கங்காணி தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தார். சன்னாசி வாசலில் நின்றபடியே, அந்த முப்பாட்டன் கரையை எப்படிக் காத்தார் என்று கேட்டான். இத்தனை வருசம் கதை கேட்ட ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

கங்காணி தலைப்பாகையின் நுனியைச் செருகினார்.

“உடைஞ்ச வாயில மூத்த மகனை நிறுத்தி மண்ணைப் போட்டாரு. கரை நின்னுருச்சு. மண்ணு சரியிற எடத்துல எல்லாம் அந்தப் பேருல ஒரு மூத்த மகனைச் சாமி கேக்குது.”

“நான் உங்க மகன்னு சொன்னீங்களே.”

“பேரு வேணும்னு நீதானப்பா ஏங்கிக் கெடந்த. குடுத்தேன். பேருன்னா சும்மாவா?”

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சன்னாசியைக் கொன்றது. ஊட்டிய சோறு, தடவிய எண்ணெய், ஆத்தா என்றதும் அவள் தந்த சிரிப்பு, அத்தனையும் கிடாய்க்குப் போட்ட தழை. ஓடத் திரும்பினான். வாசலில் லயத்து ஆண்கள் நின்றார்கள். கூட வேலை செய்தவர்கள். ஒருவரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கொய்யா மரத்தடிக் கயிறு அவர்கள் கையில் இருந்தது.

அவனுக்கு மஞ்சள் வேட்டியைக் கட்டி, கயிற்றால் பிணைத்து மேலே கொண்டுபோனபோது பனி இறங்கியிருந்தது. பந்த வெளிச்சத்தில் வெடிப்பு தெரிந்தது. ஈர மண் வாடை. பறை ஒரே சீராக அடித்து, ஒரேயடியாக நின்றது.

பூசாரி வெடிப்பைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“கரைகாத்தார் வகையறா இருக்கா?”

பேருக்கு உரியவன் பதில் சொல்ல வேண்டும். சன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டான். ஆசை ஆசையாய் வாங்கிய பேர். வேண்டாம். எனக்கு வேண்டாம்.

“இருக்கோம்.”

கீழே இருந்து வந்தது. மண்ணுக்குள்ளிருந்து. ஒரு குரல் திருச்சிப் பக்கம். ஒரு குரல் மதுரைப் பக்கம். அதற்கும் அடியில், மிக அடியில், ஒரு சின்னப் பையன் குரல்.

ஜனம் அசையவில்லை. கேட்டுப் பழகினவர்கள் போல நின்றார்கள்.

இனி மஞ்சள் தண்ணீர். கிடாய்க்கு ஊற்றுவார்கள், உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். சிலுப்பாவிட்டால் சாமி ஏற்கவில்லை, அவிழ்த்து விட்டுவிட வேண்டும். அவிழ்த்து விட்டதை அவனே பார்த்திருக்கிறான். ஒரே ஒரு வழி. அசையக்கூடாது. எவ்வளவு குளிர்ந்தாலும் அசையக்கூடாது.

உச்சந்தலையில் தண்ணீர் விழுந்தது. முதுகில் இறங்கியது. சன்னாசி மூச்சை அடக்கினான். தாடை இறுகியது. தொடை நடுங்க வந்தது. அடக்கினான்.

அசையவில்லை.

இரண்டாம் குடம். மூன்றாம் குடம். அசையவில்லை.

பூசாரி கங்காணியைப் பார்த்தார். பின்னால் யாரோ, சாமிக்கு இஷ்டமில்லபோல, விட்டுருங்கப்பா என்று முணுமுணுத்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரியாயி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சன்னாசிக்கு உயிர் திரும்பியது. ஆத்தா. அவிழ்க்கத்தான் வருகிறாள். ஆத்தா வந்துவிட்டாள்.

அவள் அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். ஈரத் தலைமுடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. வருசா வருசம் கிடாய் சிலுப்ப மறுத்தால், அவிழ்க்கும் முன் ஜனம் பெரியாயியைத்தான் கூப்பிடும்.

“மன்னிச்சிரு மகனே” என்றாள்.

காதுக்குள், வெதுவெதுப்பாக, மெல்ல ஊதினாள்.

உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை சன்னாசி சிலிர்த்தான்.

குலவைச் சத்தம் எழுந்தது. வெடிப்புக்குள் மண் சரசரத்தது. பந்த வெளிச்சம் இறங்கிய ஆழத்தில், மக்கிப்போன மஞ்சள் வேட்டியோடு நின்றிருந்தவர்கள், தோளோடு தோள் நெருங்கி, நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டார்கள்.