பத்தே முக்காலுக்கு றஜிதா மரணம்

கைப்பேசி அடித்தபோது றஜிதாவின் இரத்தம் உடம்புக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

இடது கையில் இரண்டு ஊசிகள். அவற்றிலிருந்து இரண்டு குழாய்கள். மறுமுனையில், இரத்தத்தைக் கழுவித் திருப்பி அனுப்பும் டயாலிசிஸ் இயந்திரம். நாலு மணித்தியாலம் எழும்ப முடியாது.

வலது கையால் எடுத்தாள்.

"ஹலோ... றஜிதாட வீட்டு ஆக்களா?"

"ஓம், சொல்லுங்க."

"கொழும்பு, சிகிச்சைக் கொடுப்பனவு அலுவலகம். அவ மோசம் போனதுக்கு எங்கட அனுதாபம். மரண அறிவித்தல் வந்திருக்கு, உறுதிப்படுத்தத்தான் எடுத்தன்."



"நான்தான் றஜிதா."

மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம்...

"அம்மா... நீங்க மெஷின்ல இருக்கேக்க மாரடைப்பு எண்டு கிடக்கு. நேரம் பத்தே முக்கால்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

சாவதற்கு இன்னும் பதினைந்து நிமிடம்!

தன்னாமுனையில் தையல் கடை வைத்திருப்பவள் றஜிதா. கிழமைக்கு மூன்று தடவை வாவிக் கரையோரத்து இந்தத் தனியார் நிலையத்துக்கு வருகிறாள். முன்பு ஒவ்வொரு தடவைக்கும் அரசாங்கம் நிலையத்துக்குக் காசு கட்டியது. தை மாதத்திலிருந்து புதுத் திட்டம். ஓர் ஆளுக்கு மாதம் ஒரே தொகை. எத்தனை தடவை வந்தாலும் அவ்வளவுதான். அடிக்கடி வருபவரால் நிலையத்துக்கு நட்டம். பதிந்த நோயாளியை நிலையம் விலக்கவும் முடியாது. இடம் மாறினால், அல்லது இறந்தால் மட்டுமே பெயர் நீங்கும்.

கிழமைக்கு மூன்று தடவை வந்தவர்கள் மொத்தம் மூவர். மாங்கேணி ஆச்சிப்பிள்ளை மாசியில் கண் மூடினாள். களுதாவளை நாகரெத்தினம் பங்குனியில். இருவருக்கும் மாரடைப்பு என்றார்கள்.

மூன்றாவது ஆள் அவள்.

"வைக்காதங்க தம்பி," என்று கிசுகிசுத்தாள். "கேட்டுக்கொண்டே இரிங்க. என்னக் கொல்லப்போறாங்க. பொலிசுக்கு அடிங்க."

கைப்பேசியைப் போர்வைக்குள் தள்ளினாள்.

தாதி இர்ஷானா வந்துகொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவளுக்கு ஊசி ஏற்றும் அதே இர்ஷானா. கையில் நிரப்பிய சிரிஞ்ச்.

"அது என்ன மருந்து, மிஸ்?"

"ரத்தம் கட்டாம இரிக்க."

"அது துவக்கத்திலயே போட்டாச்சே..."

இர்ஷானாவின் முகம் வெளிறிக் கிடந்தது.

"கண்ண மூடுங்க அக்கா. கெதியா."

ஊசிகளைப் பிடுங்கினால் இரத்தம் பீறிடும். கத்தினாலும் எதிர்க் கதிரைக் கிழவருக்குக் காது கேளாது. றஜிதா கண்களை மூடினாள். வலது கை மட்டும் போர்வைக்கடியில் ஊர்ந்து குழாயைப் பிடித்தது.

சப்பாத்துச் சத்தம்... முகாமையாளர் அழகரத்தினம்.

"இன்னும் குடுக்கல்லயா?"

"கை நடுங்குது சேர்."

"முந்தின ரெண்டு பேருக்கும் நான்தானே குடுத்தன். என்ட கை நடுங்கினதா? கொண்டா இஞ்ச."

றஜிதா குழாயை மடக்கி நெரித்தாள். அவர் கண்டுவிட்டார். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். குளிர்ந்த கை.

"கொஞ்ச நேரம்தான் பிள்ள. நோகாது."

சிரிஞ்ச் இறங்கியது.

இதயம் நிற்கக் காத்திருந்தாள். துடித்தது. மறுபடி துடித்தது... நிற்கவே இல்லை.

கடிகாரம் பத்தே முக்கால்.

"அது வெறும் உப்புத் தண்ணி, சேர்," என்றாள் இர்ஷானா. "நீங்க நிரப்பித் தந்தது என்ட பையிக்குள்ள இரிக்கு."

அழகரத்தினம் வாய் திறக்குமுன் போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, பொலிசுக்குச் சொல்லியாச்சு. இஞ்ச எல்லாம் பதிவாகுது."

அவர் ஓடினார். வாசலில் ஜீப் திரும்பிக்கொண்டிருந்தது.

இர்ஷானா குனிந்து றஜிதாவின் குழாய்களைச் சரிபார்த்தாள்.

"ஏன் மிஸ்... நான் சாக முந்தியே அந்தாள் அறிவித்தல் அனுப்பினது?"

"அவர் அனுப்பல்ல. நான்தான் அனுப்பின."

"நீங்களா?"

"பத்தே முக்காலுக்கு மருந்தக் குடுக்கச் சொல்லி, நீங்க மெஷின்ல ஏறின பிறகுதான் தந்தார். என்ட வாய்ச்சொல்ல ஆரு நம்புவாங்க? முந்தின ரெண்டு மரணத்தப் பத்தியும் கொழும்புக்கு நாலு முறைப்பாடு எழுதின நான். ஒரு பதில் இல்ல. ஆள் முடிஞ்சிட்டு எண்டா காசு நிப்பாட்டணுமே... உங்கட நம்பருக்கு உடன எடுப்பாங்க எண்டு தெரியும். அஞ்சு நிமிசம் போகல்ல."

றஜிதாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. கையை நீட்டினாள். நீட்டிய கை இர்ஷானாவின் கையை இறுகப் பற்றிக்கொண்டது.

பொலிஸ் அதிகாரி உள்ளே வந்தார்.

"அம்மா, வாக்குமூலம் எடுக்கணும். ஸ்டேசனுக்கு வரேலுமா?"

"ரெண்டு மணித்தியாலம் பொறுங்க சேர்," என்றாள் றஜிதா. "ரத்தம் கழுவி முடியட்டும். செத்த ஆளுக்கு என்ன அவசரம்?"