முடியாத மூன்று ஓட்டங்கள்

மாடே இல்லாத நாளில் ஒரு மாடு வெட்டப்பட்டிருந்தது. கெரின் பாஸ்கோ திரையை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒற்றைச் சிவப்பு வரியை மறுபடி படித்தாள். ஞாயிறு, 03:52. கதவு, முடிந்தது. அடி, முடிந்தது. கொக்கி, முடிந்தது. கழுத்து, முடிந்தது. எடை, 112.4 கிலோ. காது வில்லை, இல்லை.

ராக்ஹாம்ப்டனிலிருந்து இருபது நிமிடம் தள்ளியிருந்த அந்த இறைச்சி ஆலையை வெள்ளிக்கிழமை மாலையே மூடியாயிற்று. திங்கள் தொழிலாளர் தினம், ஆகவே மூன்று நாள் விடுமுறை. பட்டியில் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. போதாக்குறைக்கு, 112 கிலோவில் அங்கே எதுவும் தொங்குவதில்லை. தோலும் தலையும் போன பிறகே ஒவ்வொரு மாடும் முந்நூறு தேறும்.

அவள் இருந்த அறை வெட்டுக்கூடத்தின் மேலே, சுவரோடு ஒட்டிய கண்ணாடிக் கூண்டு. வெளியே மே மாதத்து மதிய வெயில் கார் நிறுத்துமிடத்தில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே குளோரினும் வெந்நீரும் கலந்த வாடை, அதற்கும் அடியில் எத்தனை முறை கழுவினாலும் சிமெண்டை விட்டுப் போகாத ரத்த வாடை, இடைவிடாத கம்ப்ரசரின் முனகல், கீழே எங்கோ யாரோ திறந்து விட்டு மூடாமல் போன ஹோஸ் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் ஓசை. அவள் கண்ணாடியின் திரைச்சீலையை எப்போதும் இறக்கியே வைத்திருப்பாள். பதினோரு வருடமாக அந்த ஆலையில் சம்பளம் வாங்குகிறாள். ஒரு மாடு சாவதை ஒரு முறைகூட நின்று பார்த்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் பார்ப்பது பதிவுகளை மட்டும்தான். பட்டிக் கதவு, தராசு, ஸ்டிக்கர் அச்சடிக்கும் எந்திரம், மாட்டின் காதில் குத்திய எண் வில்லையைச் சரிபார்க்கும் அரசாங்கத்தின் கால்நடைப் பதிவேடு, எல்லாம் தனித்தனி ஊமைகள். ஒன்று சொல்வதை இன்னொன்றிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இணைப்புத் தளம் அவள் பொறுப்பு. ஒரு மாடு உள்ளே வந்தால் அது ஓர் ஓட்டம். எந்தப் படி முடிந்தது, எது நின்றது என்று ஓட்டப் பதிவு சொல்லும். யார் கட்டளையிட்டது, எந்த எந்திரம் கேட்டது என்று கணினிப் பதிவு சொல்லும். இரண்டையும் படிக்காமல் எதையும் தொடாதே என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் அவள் பாடம் எடுப்பாள். அவள் மட்டும் முதலில் தொடுவாள், பிறகு டீயோடு உட்கார்ந்து படிப்பாள். கை பழகிவிட்டது என்ற திமிர்.

போன் அடித்தது. ஆலை மேலாளர் நெவ் ஹாலோரன், வீட்டிலிருந்து.

"என்ன கெரின், உன் கம்ப்யூட்டர் லீவு நாள்ல தனியா மாடு வெட்டுதாமே?"

"சென்சார்ல ஏதோ அழுக்கு நெவ். விடியக்காலை நாலு மணிக்கு எவன் வெட்டுவான்? பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துக்கிட்டே உக்காந்துடாதே. ஒரு சிவப்பு வரி இருந்தாலும் சர்டிபிகேட் மொத்தமும் நிக்கும். செவ்வாய்க்கிழமை பதினோரு கண்டெய்னர் கொரியாவுக்குக் கிளம்பணும். ஒதுக்கி வச்சிட்டு வீட்டுக்குப் போ, உனக்கும் லீவுதானே."

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். அன்றைக்கு ஆலைக்குள் இருந்தது அவளைத் தவிர இரண்டே பேர். எந்திரங்களைப் பராமரிக்கும் அவளுடைய தம்பி டாரில், ஆலை முழுக்க அவனுக்கு டாஸ் என்று பெயர், அவன் வாயில் அவள் கெஸ். அப்புறம் கழுவித் துடைக்கும் செமிசி, டோங்கா தீவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆகிருதி.

"டாஸ், பெட்டிப் பக்கம் எதையாவது நோண்டினியா?" மாட்டை அடித்து வீழ்த்தும் இரும்பு அடைப்புக்கு அங்கே பெயர் வெறும் பெட்டி.

"நான் குளிர் அறைக்குள்ள செயினுக்கு கிரீஸ் போட்டுக்கிட்டிருக்கேன் கெஸ். மூணு மணிக்குள்ள முடிச்சாத்தான் ஆத்துல தூண்டில் போட முடியும். ஏன், உன் செல்லம் திரும்பப் படுத்துக்கிச்சா?"

"நூத்திப் பன்னெண்டு கிலோவுல ஒரு மாடு காட்டுது."

"அது மாடு இல்ல, செமிசியா இருக்கும்." அவன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான்.

"ஆள் எங்கே?"

"தெரியல. ஹோஸைத் திறந்துவிட்டுட்டு எங்கேயோ போயிட்டான், அரை மணி நேரமா தண்ணி வீணாப் போகுது. இன்னிக்கு அவன் பொண்ணுக்குப் பொறந்தநாள்; வீடியோவுல பாட்டுப் பாடிக்கிட்டிருப்பான்."

"நீ போய் பெட்டிக் கதவுல இருக்கிற சென்சாரைத் துடைச்சு விடேன்."

"துடைச்சா பீர் யார் வாங்கித் தர்றது?"

"போடா. பூட்டுப் போட்டிருக்கியா?"

"போடாம இறங்குவேனா? என் பூட்டு தொங்குது, சாவி என் பாக்கெட்ல. நீ கவலைப்படாம உன் டீயைக் குடி."

பூட்டு என்றால் அந்த ஆலையில் சத்தியம். எந்திரத்தைத் தொடுகிறவன் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். அவனாக வந்து கழற்றுகிற வரை ஆலையின் முதலாளியே வந்தாலும் செயினை ஓட்ட முடியாது. கெரினுக்கு மனம் நிம்மதியாயிற்று. சிவப்பு வரியின் மேல் சுட்டியை வைத்து, ஒதுக்கி வை என்பதை அழுத்தினாள். வரி சாம்பல் நிறமானது.

ஒதுக்கப்பட்டது. அடுத்த ஓட்டத்துக்குச் செல்கிறது.

டீக்கோப்பை வாய்வரை போய் நின்றது. மாடே இல்லாதபோது அடுத்தது என்று என்ன இருக்கிறது?

கணினிப் பதிவைத் திறந்தாள். 03:52ஐத் தேடினாள். அந்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. விடியற்காலை முழுக்க எந்திரங்கள் தூங்கியிருந்தன. கீழே நகர்த்திக்கொண்டே போனாள். காலை எட்டு, வெறுமை. பத்து, வெறுமை. டாஸும் செமிசியும் அட்டை தேய்த்து உள்ளே வந்த பன்னிரண்டரை. பிறகு 13:52. கதவு மூடியது. அடி. கொக்கி. கழுத்து.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். ஓட்டப் பதிவு ஓடுவது கிரீன்விச் நேரத்தில். கணினிப் பதிவு ஓடுவது ஆலையின் சுவர்க் கடிகாரத்தில். இடையே பத்து மணி நேரம். பதினோரு வருடமாக அந்தப் பத்தைக் கூட்டிக் கூட்டியே பிழைத்தவள் இன்றைக்குக் கூட்ட மறந்துவிட்டாள். அது விடியற்காலை இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் நடந்தது. அவள் கார் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது, கீழே, இந்தக் கூடத்தில்.

கட்டளையிட்டது யார் என்ற இடத்தில் ஒரு விதியின் பெயர் இருந்தது. முடியாத ஓட்டங்களை எல்லாம் முடி. உருவாக்கியவர், கெரின் பாஸ்கோ. வெள்ளி, 16:50.

ஆமாம், அவள்தான். பழைய மிச்சங்களையெல்லாம் விடுமுறைக்குள் ஒழித்துக்கட்டு என்று நெவ் நச்சரித்ததால், கிளம்புகிற அவசரத்தில் போட்டுவிட்ட விதி. பட்டியலைத் திறந்தாள். முடியாத ஓட்டங்கள் மொத்தம் மூன்று. மூன்றும் கிறிஸ்துமஸ் விருந்தன்று தொடங்கியவை. மூன்றிலும் அன்றைக்கு எடை என்ற ஒரே படிதான் முடிந்திருந்தது. 112.4. 88.2. 63.1.

அந்த எண்கள் அவளுக்கு மனப்பாடம். தலையில் காகிதக் கிரீடம், கையில் பீர், தட்டு நிறைய இறால். யார் அதிகம் தின்றது என்று பந்தயம் வைத்து, மாடு தொங்கும் கொக்கியைக் கையால் பிடித்துத் தொங்கித் தொங்கி எல்லாரும் எடை பார்த்தார்கள். வருடா வருடம் நடக்கிற கூத்து. ஓட்டம் ஒன்று திறந்திருந்தால்தான் தராசு எண் காட்டும் என்பதால், ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டம் திறந்து கொடுத்தவள் அவளே. ஜனவரியில் மற்றவர்களுடையதையெல்லாம் அழித்தாள். கடைசியாகத் தொங்கிய மூவரின் ஓட்டங்கள் விட்டுப்போயின. செமிசி. டாஸ். அவள்.

"டாஸ்! எங்கே இருக்கே?"

"பட்டி வழியா வந்து பெட்டிக்குள்ளதான் இருக்கேன், நீதானே துடைக்கச் சொன்னே." அவன் குரலில் சிரிப்பு இல்லை. "கெஸ், இங்க ஒரு பூட்ஸ் கிடக்கு. ஒத்தைக் கால். பதிமூணாம் நம்பர்."

"வெளியே வா."

"செமிசியோடதுதான். உள்ள ரத்தம் நிக்குது. சூடா இருக்கு கெஸ்."

"டாஸ், வெளியே வாடா! இப்பவே வா!"

திரையில் ஒரு வரி பிறந்தது. கதவு, முடிந்தது.

காற்றுச் சீறல். இரும்பின் மேல் இரும்பு.

"கதவு மூடிக்கிச்சு. என் பூட்டு போட்டிருக்கே, எப்படி... கெஸ், திற. திற கெஸ்!"

நிறுத்து என்பதை அழுத்தினாள். கோரிக்கை ஏற்கப்பட்டது, நடந்துகொண்டிருக்கும் படி முடிந்ததும் ஓட்டம் நிறுத்தப்படும் என்றது திரை. மறுபடி அழுத்தினாள். மறுபடி ஏற்கப்பட்டது. வாக்கிடாக்கியில் அவன் இரும்பைக் கைகளால் குத்தும் சத்தம். சின்ன வயதில் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டபோது கூப்பிட்டது போலவே அவளைக் கூப்பிட்டான்.

கார்க் கதவை ஓங்கி அறைந்தது போல ஒரே ஒரு சத்தம்.

அடி, முடிந்தது.

அப்புறம் கால்கள். அடிபட்ட மாடு கீழே விழுந்த பிறகும் சற்று நேரம் உதைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஓசையைக் காதில் வாங்காமலே தட்டச்சு செய்ய அவள் பழகியிருந்தாள். இது நான்கு கால் இல்லை. இரண்டு. பூட்ஸின் குதிகால்கள் இரும்புத் தரையில் தடதடத்தன. மெதுவாயின. நின்றன.

கொக்கி, முடிந்தது.

கழுத்து, முடிந்தது.

தொட்டியில் கொட்டும் சத்தம். முதலில் குடம் கவிழ்த்த மாதிரி. பிறகு குழாய் மாதிரி. பிறகு சொட்டு.

எடை, 88.2 கிலோ. காது வில்லை, இல்லை. வரி சிவப்பாகி நின்றது.

அவள் திரைச்சீலையை இழுத்த வேகத்தில் அது கழன்று கையோடு வந்துவிட்டது. கீழே செயின் ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் மெயின் சுவிட்ச் அணைந்தே இருந்தது. டாஸின் சிவப்புப் பூட்டு பூட்டியபடியே அதில் தொங்கியது. முதல் கொக்கியில் செமிசி, தலைகீழாக, ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல். இரண்டாவதில் அவள் தம்பி. கைகள் இரண்டும் தரையைத் தொடுவது போல நீண்டு ஆடின, கழுத்து காது முதல் காது வரை திறந்திருந்தது. அவள் அவன் பெயரைச் சொல்லி அலறினாள். கையிலிருந்த வாக்கிடாக்கியின் பொத்தான் அவள் பிடியில் அழுந்தியதால், அந்த அலறல் கீழே அவன் இடுப்பிலிருந்தும் கேட்டது.

நான் கொன்றேன் என்று நினைத்தாள். ஒதுக்கி வை என்று அழுத்தினேன், கொன்றேன்.

கதவுக்கு ஓடினாள். அட்டையைத் தேய்த்தாள். சிவப்பு. மறுபடி. சிவப்பு. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தாள். அது கால்கள் வளைந்து திரும்பி வந்தது. அவசர உதவிக்கு எண்களை அழுத்திக்கொண்டிருக்கும்போதே குறுக்கே நெவ்வின் அழைப்பு விழுந்தது.

"கெரின், இப்ப ரெண்டாவதும் வில்லை இல்லாம நிக்குதே. என்னதான் பண்றே அங்க?"

"நெவ், டாஸ் செத்துட்டான்! செமிசியும் செத்துட்டான்! போலீஸைக் கூப்பிடு, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லு, நெவ்!"

"கம்ப்ரசர் சத்தத்துல ஒரு மண்ணும் கேக்கல. சரி விடு, வில்லை நம்பர்தானே வேணும்? நானே இங்கிருந்து போட்டுவிடறேன். உன் பட்டியல்ல மூணு இருக்கு." அவன் தட்டும் சத்தம் கேட்டது. "ஆச்சு. மூணுக்கும் போட்டாச்சு. சந்தோஷமா வீட்டுக்குப் போ."

அழைப்பு அறுந்தது. மறுபடி எண்களை அழுத்தினாள். போன் செத்துக் கிடந்தது.

திரையில் முதல் வரி பச்சையானது. இரண்டாவது வரி பச்சையானது. அவளுக்குக் கீழே பார்க்க வேண்டாம் என்றிருந்தது. பார்த்தாள். செமிசியின் இடது காதில் மஞ்சளாக ஏதோ பளிச்சிட்டது. கை அகல பிளாஸ்டிக், கறுப்பில் எண்கள். ஒரு நிமிடம் முன்பு அது அங்கே இல்லை. டாஸின் காதிலும் ஒன்று. குத்திய இடத்தில் புது ரத்தம் மெல்ல எட்டிப் பார்த்தது.

மூன்றாவது ஓட்டம் திறந்துகொண்டது.

எடை, 63.1 கிலோ. காது வில்லை, இருக்கிறது. மற்றப் படிகள் எல்லாம் காலி.

செயின் நகர்ந்தது. மூன்றாவது கொக்கி, காலியாக, கழுவிய ஈரத்தோடு ஆடி ஆடி வந்து, அவள் கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றது. கம்ப்ரசரின் முனகல் ஏறிற்று. முதுகுக்குப் பின்னால் அறைக்கதவின் பூட்டு இன்னொரு முறை சொடுக்கி இறுகியது.

கதவு, முடிந்தது.

கழுத்தில் ஏதோ சூடாக வழிந்தது. அவள் கையை மெல்ல உயர்த்தி, இடது காதைத் தொட்டாள். விரலில் பிளாஸ்டிக் இடித்தது.